சவுண்ட் கார்டு வாங்கும் முன் காதால் ஒப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே கணினிக் கடைகளில் பெற்றோர் கூட்டம்தான். கணினி விளையாட்டுக்கென்று, ஒலியைக் கையாளும் தனி அட்டையான சவுண்ட் கார்டு கேட்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகனும் போன மாதம் கேட்டான். "எதிராளி நடந்து வர்ற சத்தமே சரியாக் கேக்கலப்பா, ஹெட்போன்ல ஒரே இரைச்சல்" என்றான்.

எனக்கு இந்தப் பொருள்மேல் தனிப் பாசம் உண்டு. 1999இல், தேசிய சேவையில் கிடைத்த படித்தொகையைச் சேர்த்துவைத்து சிம் லிம் ஸ்குவேரில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற கார்டை வாங்கியவன் நான். மறைந்த சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனத்தின் தயாரிப்பு. நம் சிங்கப்பூரில் பிறந்து உலகம் சுற்றிய பொருள். விளையாட்டில் குகைக்குள் நுழைந்தால் எதிரொலி கேட்கும், தண்ணீருக்குள் மூழ்கினால் சத்தம் மந்தமாகும். அதையெல்லாம் கார்டின் சில்லே கணக்குப் போட்டுக் கொடுத்தது. கார்டு உள்ள கணினிக்கும் இல்லாத கணினிக்கும் அன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது நிலைமை மாறியது. பெரும்பாலான விளையாட்டுகள் கார்டிடம் நேராக வேலை வாங்கிய வழியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. காலடி எந்தப் பக்கம் என்று இன்று கணக்கிடுவது விளையாட்டும் கணினியின் பிராசசரும்தான். எண்களாக வரும் ஒலியை மின்னலையாக மாற்றுவது, ஹெட்போனுக்கு வேண்டிய பலம் கொடுப்பது. கார்டுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகள்.

நாங்கள் போன கடையில் இதை யாரும் சொல்லவில்லை. பெட்டியில் அச்சிட்ட டெசிபல் எண்ணைத்தான் காட்டினார்கள். ஒலிக்கும் அடியில் கேட்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி அது; கூடினால் நல்லது. கிரியேட்டிவின் ஏஇ-5 கார்டுக்கு 122, ஏஇ-7க்கு 127, யுஎஸ்பியில் வெளியே வைக்கும் ஜி6க்கு 130. ஆனால் இசை சிடியில் உள்ள 16 பிட் ஒலியின் எல்லையே ஏறக்குறைய 96 டெசிபல். மின்விசிறி ஓடும் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் 122க்கும் 127க்கும் உள்ள வித்தியாசம் யார் காதுக்கு எட்டும்?

வாங்காமல் திரும்பி வந்து, நண்பரிடம் ஏஇ-5ஐ இரவல் கேட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை முழுக்கச் சோதனை. மகன் கணினிக்கு முதுகு காட்டி உட்காருவான். நான் ஹெட்போன் ஒயரைக் கார்டிலும், கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே உள்ள ஜாக்கிலும் மாற்றி மாற்றிச் செருகுவேன். எதில் கேட்கிறது என்று அவன் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஹெட்போனின் காதுறையில் கைப்பேசியை வைத்து இரண்டின் ஒலியளவையும் சமமாக்கினேன். இதைச் செய்யாத ஒப்பீடு வீண். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எதுவோ, அதையே தெளிவானது என்று காது நம்பிவிடும்.

அவனுடைய 32 ஓம் ஹெட்செட்டில் (ஓம் எண் கூடினால் பொதுவாக ஹெட்போனுக்கு அதிக பலம் வேண்டும்) மதர்போர்டின் பின்பக்க ஜாக்கையும் கார்டையும் அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 20 முறையில் 11 சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். அப்படியானால் இரைச்சல் எங்கே? கேஸின் முன்பக்க ஜாக்கில். அதற்குப் போகும் ஒயர் கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டி ஓடுகிறது. மௌஸை நகர்த்தினால் கொசு மாதிரி ஒரு ரீங்காரம், கையை எடுத்தால் அடங்கும். பின்னால் செருகியதும் போயே போய்விட்டது. ஆறு வெள்ளிக்கு ஒரு நீட்டிப்பு ஒயர் வாங்கினோம்.

அப்புறம் என்னுடைய பழைய 250 ஓம் ஹெட்போனை மாட்டினோம். இங்கேதான் கார்டு தன் பலத்தைக் காட்டியது. மதர்போர்டில் முழுக்க ஏற்றியும் மெலிந்து ஒலித்தது, கார்டில் பாதியிலேயே நிறைந்து வந்தது. அப்படிப்பட்ட ஹெட்போன் வைத்திருப்பவர் செலவு செய்வதில் நியாயம் உண்டு. அவர்களுக்கும் நான் ஜி6 போல வெளியே வைக்கும் வகையையே சொல்வேன். இப்போதைய தடித்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பக்கத்து ஸ்லாட்டை மறைத்துவிடுகின்றன. வெளியே இருப்பதை மடிக்கணினிக்கும் மாட்டலாம்.

இன்னொன்று, சுற்றிலும் ஒலி வருவது போலக் காட்டும் கார்டின் சரவுண்ட் வசதி. மகன் ஆடும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஹெட்போனுக்கென்றே திசையைக் கணக்கிட்டுத் தருகிறது. அதன்மேல் சரவுண்டையும் போட்டதும், எதிரே நிற்பவனின் துப்பாக்கி மகனின் பிடரிக்குப் பின்னால் வெடிப்பதுபோல் கேட்டது. நிறுத்தியதும் சரியானது.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இத்தகைய கருவிகளை ஒப்பிடும்போது, எந்த ஹெட்போனில் கேட்டார்கள், ஒலியளவைச் சமப்படுத்தினார்களா என்று இரண்டு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர்களும், வாடிக்கையாளர் தன் ஹெட்போனைக் கொண்டுவந்து மதர்போர்டிலும் கார்டிலும் மாற்றி மாற்றிக் கேட்க ஒரு கணினியை ஒதுக்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்