குரூப் கொடுக்கும் முன் ஒரு பேச்சு

வேலூர் மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சிலிங் முடியும்வரை என் கடை பெஞ்சில் இடம் இருக்காது. யார் என்ன படிப்பது என்பது என் கம்ப்யூட்டரில்தான் முடிவாகிறது என்று முன்பு நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்பில் குரூப் (பாடப்பிரிவு) எடுக்கும்போதே முடிந்துபோயிருக்கிறது.

போன வருஷம் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். அம்மா மஞ்சப்பையிலிருந்து டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் அடுக்கினார். அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை. "தோல் சம்பந்தமா ஏதாவது படிப்பு இருக்காண்ணா?" என்று பையனே கேட்டான். இருக்கிறது. சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியில் அதற்கென்றே பி.டெக். உண்டு. ஆனால் இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மார்க் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இவன் படித்தது காமர்ஸ், அதில் இயற்பியலும் வேதியியலும் இல்லை. ஏன்ப்பா என்றேன். "கூட்டாளிங்க எல்லாம் அதான் எடுத்தாங்க." அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பி.காம்.க்குப் போட்டோம். பி.காம். மட்டம் என்று சொல்லவில்லை. அவன் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைப் பார்த்தே வளர்கிற ஊர் நம்முடையது. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், நர்ஸ் மட்டும்தான். எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தம் பரிசோதிப்பவர், டயாலிசிஸ் பார்ப்பவர் எல்லாருக்கும் தனித்தனிப் படிப்பு உண்டு என்று பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது எத்தனை பேருக்குத் தெரியும்? நீட் போனால் எல்லாம் போச்சு என்று அழுகிறார்கள்.

மாணவர்களுக்குப் படிப்பு, வேலை பற்றி வழிகாட்ட அரசு 2022-இல் கொண்டுவந்த 'நான் முதல்வன்' நல்ல திட்டம்தான். ஆனால் அதில் என்ன கல்லூரிப் படிப்பு படிக்கலாம் என்று சொல்லும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிக்கு பிளஸ் டூ பிள்ளைகளைத்தானே கூட்டிப்போகிறீர்கள்? அப்போது குரூப்பை மாற்ற முடியுமா?

அதனால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், குரூப் ஃபாரம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பெற்றோரோடு பிள்ளைகளை உட்கார வையுங்கள். உங்கள் பள்ளியில் படித்துவிட்டு இப்போது லேபிலோ, தோல் தொழிற்சாலையிலோ, பேங்க்கிலோ இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று ஒரே தாளில் நான் எழுதித் தருகிறேன். நீங்கள் திருத்திக் கொடுங்கள், ஜெராக்ஸ் செலவு என்னுடையது. கூப்பிட்டால் அரை நாள் கடையை மூடிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தம் பிரவுசிங் சென்டர்காரன்