எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: தூஜியாங்யான் ஆற்று மாதிரி பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரும் சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் மணலும் கல்லும் தண்ணீரும் கொண்டு, சீனாவின் தூஜியாங்யான் என்ற பழைய பாசன அமைப்பைப் பார்த்து ஓர் ஆற்று மாதிரி செய்யப்போகிறார்கள். தெர்மாகோலில் செய்து வண்ணம் பூசிய மாதிரியைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் ஓடாத மாதிரியில் இந்தப் பாடம் இல்லை. வீட்டில் பிள்ளை கேள்வி கேட்டால் நீங்களும் கூடப் பேச வசதியாகச் செய்தியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், செங்டூ நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது தூஜியாங்யான். 'மின்' என்ற பெயருள்ள ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடம் அது. மலையில் வேகமாக வரும் ஆறு கூழாங்கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு வரும். சமவெளியில் வேகம் குறைந்ததும் அவ்வளவையும் அங்கேயே போட்டுவிடும். படுகை மேடாகும், அடுத்த வெள்ளம் கரையை மீறும். கோடை மழையில் ஒரு பக்கம் ஊர் மூழ்க, இன்னொரு பக்கம் வயல் காய்ந்து கிடந்தது. கி.மு. 256 வாக்கில், 'சின்' என்ற பழைய சீன அரசின் கீழ், இந்த இடம் அடங்கிய 'ஷூ' பகுதிக்கு ஆளுநராக இருந்த லீ பிங் இதற்கு ஒரு வழி கண்டார்.

பல புத்தகங்கள் இதை 'அணை' என்று எழுதுகின்றன. பிள்ளைகள் அப்படி எழுதினால் திருத்துங்கள். அவர் ஆற்றை மறிக்கவில்லை, பிரித்தார். குறுக்கே சுவர் கட்டியிருந்தால் சுவருக்குப் பின்னால் சில ஆண்டுகளிலேயே கல்லும் மணலும் நிரம்பியிருக்கும். வேலை மூன்று இடங்களில் நடந்தது. மூன்றும் ஒன்றையொன்று நம்பியிருப்பவை.

முதலாவது 'மீன்வாய்'. ஆற்றின் நடுவே மீன் தலைபோலக் கூராக நிற்கும் கரை. அது மின் ஆற்றை இரண்டாக்குகிறது. கிழக்கே, செங்டூ பக்கம் போவது உள்ளாறு, குறுகலும் ஆழமுமானது. மேற்கே போவது வெளியாறு, அகலமும் ஆழக்குறைவுமானது. நீர் குறைந்த காலத்தில் தாழ்ந்த படுகையைத் தேடி ஏறக்குறைய 60 சதவீதம் உள்ளாற்றுக்குள் போய்விடும், 40 சதவீதம் வெளியாற்றில் போகும். வெள்ளக் காலத்தில் நீர் மட்டம் உயர்ந்ததும், ஆழத்தைவிட அகலம்தான் கணக்கு. அப்போது 60 சதவீதம் வெளியாற்றுக்குப் போய்விடும். கதவு இல்லை, ஆள் இல்லை. படுகையின் வடிவமே பங்கு போடுகிறது.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, 'பறக்கும் மணல்' கலிங்கு. நம் ஏரிகளில் மிகுநீர் வழிந்து போகக் கலிங்கு இருப்பதுபோல, உள்ளாற்றின் கரையில் ஓரிடத்தைப் படுகையிலிருந்து 2 மீட்டர் அளவுக்கே உயர்த்தி, 200 மீட்டருக்கு மேல் அகலமாக விட்டிருக்கிறார்கள். உள்ளாற்றில் நீர் மிஞ்சினால் அதன் மேல் வழிந்து வெளியாற்றிலேயே சேரும். வழியும்போது மணலையும் கல்லையும் கூடவே அள்ளிக்கொண்டு போகும். ஏன் போகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை டீத்தூள் போட்டு, அது ஊறி அடியில் படிந்த பிறகு கரண்டியால் சுற்றிவிட்டு நிறுத்துங்கள். தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில் நடுவில் வந்து குவியும். வளைந்து ஓடும் நீரில் மேல்நீர் வெளிவளைவுக்கும் அடிநீர் உள்வளைவுக்கும் நகர்வதுதான் காரணம். ஆற்று வளைவிலும் இதே நடக்கிறது. கலிங்கை உள்வளைவில் வைத்ததால், அடியில் உருளும் கல் தானாக அங்கே வந்து சேருகிறது, வெள்ளம் அதைத் தூக்கி எறிகிறது. வெள்ளம் பெரிதாக இருந்தால் சுத்தமும் அதிகம்.

மூன்றாவது 'குடுவை வாய்'. யூலெய் மலையின் பாறையைக் குடைந்த ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள வாய். வெடிமருந்து இல்லாத காலம். பாறைமேல் விறகை அடுக்கி எரித்து, சூடேறிய பாறையில் தண்ணீர் ஊற்றி விரிசல் விழவைத்து உடைத்தார்கள். எட்டு ஆண்டுகள் ஆனதாகச் சொல்வது வழக்கம். இதன் வழியே போகும் நீர்தான் செங்டூ சமவெளி வாய்க்கால்களுக்குப் பிரிகிறது. வாய் குறுகல் என்பதால், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அளவுக்கு மேல் உள்ளே புகாது. புகமுடியாத நீர் பின்வாங்கி உயர்ந்து கலிங்கின் மேல் வழிகிறது. வாய் அகலமாக இருந்திருந்தால் கலிங்குக்கு வேலையே இருக்காது.

மீன்வாயையும் கரைகளையும் எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதைப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். மூங்கிலைப் பிளந்து நீண்ட உருளைக் கூடைகளாகப் பின்னி, ஆற்றுக் கல்லை நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தாங் அரச மரபின் காலத்துக் (கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) குறிப்பு ஒன்று கூடையின் குறுக்களவு மூன்று சீன அடி, அதாவது சுமார் 90 செ.மீ. என்கிறது. கூடைக்குள் தண்ணீர் புகுந்து போகும், அதனால் மோதலின் வலு குறையும். அடியில் மணல் அரித்தால் கூடை வளைந்து பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். கனமான ஒற்றைப் பொருளால் அது முடியாது. 1335இல் மீன்வாயின் முனையில் இரும்பு ஆமை வைத்தார்கள், 1550இல் இரும்பு எருதுகள் வைத்தார்கள். இரண்டும் இன்று அங்கே இல்லை. சரளைப் படுகையில் நிற்கும் பாரத்தின் அடியை ஆறு குடைந்துவிடுகிறது.

ஆனால் மூங்கில் மக்கும். ஆகவே ஆண்டுதோறும் பராமரிப்பு. நாம் குடிமராமத்து என்கிறோமே, அதைப் போன்ற வேலைதான், அரசே முன்நின்று நடத்தியது. குளிர்காலத்தில் நீர் வற்றியதும் முதலில் வெளியாற்றை மறித்து வேலை செய்வார்கள். பிறகு தடுப்பை மாற்றி உள்ளாற்றில் இறங்குவார்கள். தடுப்பு என்பது மூன்று நான்கு மரக்கால்களைக் கட்டி நிறுத்திய முக்காலி வரிசை. முக்காலிக்குள் பலகையில் கல் பாரம், முன்னால் மூங்கில் பாய், அதன்மேல் களிமண். ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளில் கயிற்றை அறுத்து முக்காலிகளை இழுத்துச் சாய்த்துத் தண்ணீர் திறப்பார்கள். அந்த விழா இன்றும் நடக்கிறது.

தூர் எவ்வளவு ஆழம் வார வேண்டும்? குறைவாக வாரினால் அடுத்த பருவத்தில் நீர் பற்றாது. அதிகம் வாரினால் வெள்ளத்தில் தேவைக்கு மேல் நீர் உள்ளே வரும். இதற்காகக் கலிங்குக்கு எதிரே படுகைக்கு அடியில் இரும்புத் தடிகளைக் கிடையாகப் புதைத்திருக்கிறார்கள். மண்வெட்டி இரும்பில் பட்டால் நிறுத்த வேண்டும். இப்போது இருப்பவை நான்கு. பழையது 1576ஆம் ஆண்டைச் சேர்ந்தது, புதியது 1994இல் வைத்தது. நீர்மட்டம் பார்க்க லீ பிங் ஆற்றில் மூன்று கல் மனிதர்களை நிறுத்தினார் என்று பழைய நூல் சொல்கிறது: வற்றினாலும் பாதம் தெரியக் கூடாது, பெருகினாலும் தோள் முழுகக் கூடாது. 1974இல் படுகையிலிருந்து எடுத்த லீ பிங் கற்சிலை கி.பி. 168இல் செதுக்கியது, 2.9 மீட்டர் உயரம்.

இவ்வளவையும் வெறும் 6 சீன எழுத்துகளில் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால்: 'ஆழத் தூர் வாரு, தாழக் கலிங்கு கட்டு.' பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து வரட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. '2,200 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது' என்பது சரியல்ல. 1933இல் ஆற்றின் மேல்பகுதியில் தியேசி என்ற இடத்தில் நிலநடுக்கத்தால் மலை சரிந்து ஏரி உண்டாகி, அக்டோபரில் அது உடைந்து வந்த வெள்ளம் மீன்வாயை அடித்துக்கொண்டு போயிற்று. 1936இல் சிமெண்டும் கல்லும் கொண்டு மறுபடி கட்டினார்கள். வெளியாற்றின் தலைப்பில் 1974 முதல் இரும்புக் கதவுள்ள மதகு இருக்கிறது. மேலே சிப்பிங்பு என்ற பெரிய அணையும் வந்துவிட்டது. 2008 நிலநடுக்கத்தில் மீன்வாயில் விரிசல் விழுந்தது, நீர் ஓட்டம் நிற்கவில்லை. இன்று 16 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. நிலைத்திருப்பது கல் அல்ல, அமைப்பும் ஆண்டுதோறும் பார்க்கும் வேலையும்.

இனி மாதிரி. ஒவ்வொரு குழுவுக்கும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் மணல் பரப்பு. 15 செ.மீ. கனத்துக்குச் சிமெண்டுச் சாக்கில் ஏறக்குறைய 12 மூட்டை ஆகும், பள்ளியே தருகிறது. தலைப்பு கடைமடையைவிட 5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். மணலை நனைத்து மிதித்து இறுக்கிய பிறகே ஆற்றை வெட்ட வேண்டும், இல்லையேல் முதல் வாளியிலேயே கரைந்துவிடும். உள்ளாறு 12 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம், வெளியாறு 25 செ.மீ. அகலம், 3 செ.மீ. ஆழம். குடுவை வாய்க்கு இரண்டு செங்கல், நடுவே 4 செ.மீ. இடைவெளி. அதற்குச் சற்று மேலே, உள்வளைவுக் கரையில் 30 செ.மீ. நீளத்துக்குக் கலிங்கு, உயரம் படுகையிலிருந்து 2.5 செ.மீ. மட்டும். மீன்வாய்க்கும் கலிங்குக்கும் வெங்காயம், பூண்டு வரும் வலைப் பையில் சல்லிக்கல் நிரப்பி வைக்க வேண்டும். மூங்கில் கூடைக்கு இதைவிடப் பொருத்தமான பதிலி கிடைக்காது.

முதலில் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் மெதுவாக ஊற்றுவார்கள். பிறகு அதே வாளியை 15 விநாடியில். இரு ஆறுகளின் கடைசியிலும் தொட்டி வைத்து நீரை அளப்பார்கள். 60க்கு 40 துல்லியமாக வராது. சிறிய மாதிரியில் வரவும் முடியாது. பங்கு தலைகீழாக மாறுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. பிறகு வேண்டுமென்றே கெடுக்கச் சொல்வோம். கலிங்கை 5 செ.மீ. ஆக்கினால் மணல் வெளியேறாமல் வாயில் அடைக்கும். வாயை 8 செ.மீ. ஆக்கினால் வெள்ளம் வயலுக்குள் போகும். உள்ளாற்றில் தூர் வாராமல் நான்கு வாளி ஊற்றினால் மெதுவோட்டத்தில் வாய்க்கால் காயும். மீன்வாய் முனையின் அடி அரித்துப் பைகள் சரியும். சரியட்டும். பெற்றோர் யாரேனும் பார்க்க வந்தால், கை கொடுத்து நிமிர்த்திவிடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் சரிந்தது என்று பிள்ளையே குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வலைப் பை, ஒரு 30 செ.மீ. அளவுகோல், மாற்றுடை, துண்டு கொண்டு வரட்டும். செருப்பு போதும், ஷூ வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளைகள் தண்ணீரில் இறங்காமல் அளவு குறிக்கும் வேலையைப் பார்ப்பார்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். காலை 8.30க்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் 11 மணிக்கு முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்