நைட் டூட்டி சிஸ்டருக்கு நன்றி

பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள் சிஸ்டர், போடவில்லை.

நான் சர்ஜரி முதலாண்டு பிஜி, அதாவது முதுநிலை மருத்துவ மாணவர். காலை ரவுண்ட்ஸில் சீனியர் பிஜி ஒருவர் நோயாளிகள் முன்னால் கேஸ் ஷீட்டை விசிறியடித்து, என் ஊரையும் வீட்டையும் இழுத்துத் திட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. டூட்டி முடிந்து கிளம்ப வேண்டிய நீங்கள்தான் தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி, லேப் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கையில் கொடுத்தீர்கள். "மொதல்ல டீ குடிங்க டாக்டர். அப்புறம் நடந்ததை நேரத்தோட எழுதி வைங்க" என்றீர்கள்.

கை வைத்தால்தான் ராகிங் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2009 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி, சக மாணவரை வார்த்தையால் அவமதிப்பதும் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே உண்டு. மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் விதிமுறை கொண்டுவந்தது. சட்டம் இருந்து என்ன, சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே! விசாரணைக் குழு முன்னால் வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னீர்கள். டிரான்ஸ்ஃபர் பயம் உங்களுக்கும் இருந்திருக்கும்.

படிப்பை விட்டுவிடலாம் என்றிருந்தேன். விடவில்லை. புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.