ஒப்பித்தால் நடிப்பு வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடப்பதும், அதில் பிள்ளைகள் நாடகம், தனிநடிப்பு என்று மேடையேறுவதும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. தயாரிப்புதான் கவலை தருகிறது. போட்டி நெருங்கும்போது வசனத்தைக் கையில் கொடுக்கிறார்கள். ஆசிரியர் நடித்துக் காட்டுகிறார். பிள்ளை அப்படியே திருப்பிச் செய்கிறது. அதே பிள்ளை நாளை வேலைக்கான நேர்காணலில், மனப்பாடம் செய்த அறிமுகத்தை முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் திணறுகிறது. நடிப்பும் பேச்சும் செய்து பழகினால்தான் வரும். 12 முதல் 15 பேர், காலியான ஒரு வகுப்பறை, வாரம் இரண்டு மாலை, தலா ஒன்றரை மணி நேரம் என்று மூன்று மாதம் பழகினாலே போதும்.

முதலில் மூச்சு. மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து, அது உயரும்படி நான்கு எண்ணும் வரை இழுத்து, 'ஸ்ஸ்' என்று சீராக விட வேண்டும். 10 வினாடியில் தொடங்கி 20 வரை கொண்டுபோகலாம். தோளைத் தூக்கி இழுத்தால் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும்; பிறகு தொண்டையால் கத்தி, குரல் கட்டிக்கொள்ளும்.

அடுத்து இருவர் எதிரெதிரே நின்று 5 அடி, 15 அடி, 30 அடி என்று விலகிக்கொண்டே பேச வேண்டும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியக் கடைசியில்தான் வரும். மூச்சு தீர்ந்து அதை விழுங்கிவிட்டால், 'நாளைக்குத் தண்ணி விடுவாங்க' என்றாரா, 'விடமாட்டாங்க' என்றாரா என்றே பின்வரிசைக்குத் தெரியாது. எனவே கேட்பவர் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லட்டும். முடியவில்லை என்றால் பேசியவர் மறுபடி பேசட்டும்.

எழுதி வைக்காத காட்சிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் விவசாயி, மழைக்கு முன் நெல்லை எடை போட்டாக வேண்டும். இன்னொருவர் அங்கே நெல்லை வாங்கிப் பதிவு செய்யும் பட்டியல் எழுத்தர். அரசு தளர்வு தராதவரை 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அவர் எடுக்க முடியாது. ஒருவருக்குக் கொடுத்த குறிப்பு மற்றவருக்குத் தெரியக்கூடாது. நேரம் 3 நிமிடம்.

முதல் சுற்றில் இருவரும் எடுத்த எடுப்பிலேயே கத்துவார்கள். 'கோபமாக நடி' என்று சொல்லிக்கொடுத்தால் குரல்தான் ஏறும். 'கெஞ்சு', 'கணக்குக் காட்டு', 'வழி கேள்' என்று செய்யவேண்டியதைச் சொன்னால் முகமும் கையும் தாமாக வேலை செய்யும். இரண்டாம் சுற்றில் ஒரு விதி: எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்ன பிறகே பதில் பேசலாம். 'ஈரம் 19 காட்டுது, காய வச்சுக் கொண்டாங்கிறீங்க. சரிண்ணே, களத்துல இடம் எங்க இருக்கு?' இப்படிப் பேசத் தொடங்கியதும் கூச்சல் அடங்கி உரையாடல் பிறக்கும். மூன்றாம் சுற்று பேச்சில்லாமல். நான்காவதில் ஆள் மாறி நடிக்க வேண்டும். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. எழுத்தராக நின்று பார்த்த பிள்ளைக்குத்தான் அவருடைய சங்கடம் புரியும்.

பயிற்றுநர் நடித்துக் காட்டவே கூடாது. காட்டினால் பதினைந்து நகல்கள்தான் கிடைக்கும். பார்த்தவர்கள் 'சூப்பர்' என்று சொல்லாமல், எந்த இடத்தில் காது கேட்கவில்லை, எந்த இடத்தில் நம்பினோம் என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தைக் கைபேசியில் பதிவு செய்து, ஒருமுறை ஒலியில்லாமலும் ஒருமுறை திரையைக் கவிழ்த்து வைத்தும் கவனித்தால், பிள்ளைகளே தங்கள் குறையைக் கண்டுபிடிப்பார்கள். மைக் கடைசி இரண்டு வாரம் போதும்: வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, ஒலிபெருக்கிக்கு எதிரே நிற்காமல்.

தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இன்றும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, மயிலாடுதுறை பக்கத்துப் புஞ்சைக்காரர். அப்படிப்பட்ட மண்ணில் நடிப்புப் பயிற்சிக்காகப் பிள்ளைகள் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியையாவது மாலையில் இதற்குத் திறந்துவிடுங்கள். நாடகத்துறை மாணவர்களை அங்கே பயிற்றுநர்களாக அனுப்புங்கள். கலைத் திருவிழாவின் தனிநடிப்புப் போட்டியில், தயாரித்து வந்ததை நடித்து முடித்ததும், நடுவர் அங்கேயே ஒரு சூழ்நிலையைக் கொடுத்து ஒரு நிமிடம் நடிக்கச் சொல்லட்டும். பாதி மதிப்பெண் அதற்கு இருக்கட்டும். பள்ளிக்கல்வித் துறை வரும் ஆண்டிலேயே இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்றுநர்கள்,
கும்பகோணம்.