பூஜ்யத்தையும் எழுதி அனுப்புகிறேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டுவலி குறைந்து பழையபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மகளின் புது வேலையைப் பற்றி அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

"ஓய்வு பெற்றபிறகு பூச்சி எண்ணுகிறாயாமே?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், உண்மைதான். வாரம் ஒருநாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மாடித் தொட்டியில் பூத்திருக்கும் ஒரு செடியின் முன்னால் பதினைந்து நிமிடம் உட்காருவேன். பூவில் வந்து உட்காரும் பூச்சிகளை எண்ணி, கிடைத்தால் படமும் எடுத்து, வெயில் எப்படி, காற்று எப்படி என்பதையும் சேர்த்து, பூச்சிகளைக் கணக்கெடுக்கும் ஓர் ஆய்வுக்குழுவுக்கு அனுப்புவேன்.

ஆரம்பத்தில் மஞ்சளும் கறுப்புமாக எது வந்தாலும் எனக்குத் தேனீதான். ஒரு படத்துக்கு "இது ஈ" என்று பதில் வந்தது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். தேனீக்கு இரண்டு ஜோடி இறக்கை, இதற்கு ஒரே ஜோடி. உணர்கொம்பு குட்டை, தலை முழுக்கக் கண். அந்தரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலா இருந்தேன் என்று தோன்றியது.

இன்னொன்று கேள். ரோஜா இலைகளின் ஓரம் வட்ட வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. புழுதான் என்று மருந்து அடிக்க இருந்தேன். ஒரு சனிக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டேன். சிறிய தேனீ ஒன்று இலையோரத்தைக் காலால் பற்றிக்கொண்டு, தாடையால் கத்தரித்துக்கொண்டே சுற்றி வந்து, துண்டை மடித்து அணைத்தபடி பறந்தது. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைக்குள் நுழைந்தது. இலைவெட்டித் தேனீயாம். முட்டையிட அந்த இலையால்தான் அறை கட்டுமாம். மருந்தை எடுத்து வைத்துவிட்டேன், ஓட்டையையும் பூசவில்லை.

ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை. என்ன அனுப்புவது என்று விட்டுவிட்டேன். குழுவிலிருந்து ஒரு ஆய்வாளர் அம்மா கூப்பிட்டு, பூஜ்யம் என்றாலும் எழுதி அனுப்பச் சொன்னார். பூச்சி வராததற்கும் நான் பார்க்காததற்கும் வித்தியாசம் அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? அன்றைக்குத்தான் இந்த வேலையே எனக்குப் பிடிபட்டது.

ஜெர்மனியில் கிரெஃபெல்ட் என்ற ஊரின் பூச்சியியல் சங்கம், இப்படி விடாமல் பதிந்து வைப்பதற்கு நல்ல உதாரணம். அதில் பெரும்பாலோர் ஆர்வலர்கள். 1989 முதல் 2016 வரை, 63 இயற்கைக் காப்பிடங்களில், ஒரே மாதிரிப் பொறியை வைத்து, விழுந்ததை எடை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் 27 ஆண்டில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோனது 2017-இல் உலகத்துக்குத் தெரிந்தது. குறையும் என்று தெரிந்து அவர்கள் ஆரம்பிக்கவில்லை. விடாமல் எடுத்து வைத்ததால்தான் அது கண்ணுக்குப் பட்டது.

நகரத்தில் என்ன பூச்சி இருந்துவிடப் போகிறது என்று நீ நினைக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் அருங்காட்சியகத்தார் வீட்டுத் தோட்டங்களில் கூடாரம் போன்ற வலைப்பொறியை நிறுத்தினார்கள். துணியில் மோதும் பூச்சி வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறி, உச்சியிலுள்ள புட்டியில் விழும். மூன்று மாதத்துச் சேகரிப்பிலேயே, அறிவியலுக்குப் புதிதான 30 ஈ இனங்களைக் கண்டுபிடித்து 2015-இல் வெளியிட்டார்கள். எல்லாம் கூன்முதுகுள்ள பொடி ஈக்கள். பொறிக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்களின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள்! காட்டுக்குள் ஆய்வாளர் தானே போய்விடலாம். நகரத்தில் ஒவ்வொரு மதிலுக்கும் ஒரு கதவு இருக்கிறது, அதை நாம்தான் திறந்துவிட வேண்டும். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி.

உன் வீட்டுப் பின்பக்கம் வெயில் விழும் இடத்தில் என்ன பூத்திருக்கிறது என்று எழுது. நடைப்பயிற்சி முடிந்து எப்படியும் உட்காரத்தானே போகிறாய், நாற்காலியை அங்கே போட்டுக்கொள். முதல் நாள் ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பூஜ்யத்தையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்