லயன் குடியிருப்புகளுக்குக் கீழுள்ள சதுப்பு நிலத்தில் மண் நிரப்புவதை நிறுத்தக் கோருதல்

மாவட்டச் செயலாளர் அவர்கட்கு,
மாவட்டச் செயலகம், நுவரெலியா.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

எமது தோட்டப் பிரிவின் லயன்களுக்குக் கீழே, இரு தேயிலை மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில், ஒரு ஏக்கருக்கும் குறைந்த சதுப்பு நிலமொன்று உள்ளது. கட்டடம் எழுப்பும் நோக்கில் அதன் ஓரத்தில் டிப்பர் டிப்பராக மண் கொட்டப்பட்டு வருகிறது. அதனை உடன் நிறுத்தி, அந்நிலத்தை ஈரநிலமாகப் பதிவுசெய்து எல்லைக் கற்கள் நாட்ட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

வெறும் சேற்றுப் பள்ளம்தானே என்று சொல்லப்படுவதை அறிவோம். அடைமழையில் மலையிலிருந்து இறங்கும் நீர் இங்கு வேகம் தணிந்து, அள்ளிவரும் மண்ணைப் புல்லின் வேரடியில் விட்டுவிட்டே ஓடைக்குச் செல்கிறது. மாசி வறட்சியிலும் நாம் நீர் பிடிக்கும் கீழ்ப் பீலி வற்றாதிருப்பது இங்கு ஊறி நிற்கும் நீரால்தான் என்பது அதனை நம்பி வாழும் குடும்பங்களின் அனுபவம்.

மாரி காலத்தில், சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்யும் ஊசிவால் உள்ளான்கள் இங்கு வந்து தங்குகின்றன. மாட்டுக்குப் புல்லறுக்கச் செல்வோரின் காலடிவரை அசையாது பதுங்கியிருந்து, கரகரத்த குரலுடன் சட்டென எழும்பும் இப்பறவை, நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தி அதன் நுனியாலேயே புழுக்களைத் தொட்டறிந்து உண்கிறது. மண் இறுகினால் அலகு இறங்காது. கீழ்நாட்டில் அதற்கு நெல்வயல்கள் உண்டு. தேயிலையும் மரக்கறியும் விளையும் எமது மலைகளில் இத்தகைய பள்ளங்களை விட்டால் போக்கிடமில்லை. கானாங்கோழி குஞ்சுகளுடன் திரிவதையும் சாம்பல் வாலாட்டி இரை தேடுவதையும் எமது பிள்ளைகள் இரவல் தொலைநோக்கியால் பார்த்துக் குறிப்பெழுதி வருகின்றனர். (காஷ்மீர் ஈபிடிப்பானையும் ஆறுமணிக்குருவியையும் தேடி நுவரெலியா நகரின் விக்டோரியா பூங்காவுக்கு வரும் வெளிநாட்டவரும் மலர்ப்பாத்திகளை விட்டு அங்குள்ள ஓடையருகேதான் காத்து நிற்கிறார்கள்.)

இலங்கை 1990 இல் இணைந்த, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையாகிய றம்சார் சமவாயம், பட்டியலிடப்பட்ட ஈரநிலங்களை மட்டுமன்றி, நாட்டின் ஏனைய ஈரநிலங்களையும் விவேகமாகப் பயன்படுத்தக் கோருகிறது. அப்பட்டியலிலுள்ள புந்தலவுக்குரிய பாதுகாப்பை நாம் கேட்கவில்லை. பள்ளம் பள்ளமாகவே இருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையினரும் நில அளவை அதிகாரிகளும் பார்வையிடும்வரை மண் கொட்ட அனுமதிக்கலாகாது. ஏற்கனவே கொட்டிய மண் அடுத்த பெருமழையில் பீலிக்குள் இறங்கிவிடும் என்பதால், அதற்கு முன் அதனை அகற்றுவிக்கவும் வேண்டுகிறோம். அவர்கள் வரும் திகதியைக் கிராம உத்தியோகத்தர் ஊடாக அறிவித்தால், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குச் செல்லுமுன் எம்மில் சிலர் வந்து எல்லையைக் காட்டுவோம். பதிவின் பின்னர் புல்லறுப்பதற்குக் கட்டுப்பாடு ஏதும் விதிக்க நேரின், முன்கூட்டியே எம்முடன் கலந்துபேசுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டப் பிரிவு மக்கள்