செம்புக் கம்பி

சிட்னி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்தும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மகள் வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் வழக்கம்போல்.

என்னை எழுத வைத்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர். "நீ இந்தியன்தானே, இதைப் படித்துச் சொல்" என்று பூட்டியிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, பழைய .303 துப்பாக்கி ஒன்றை என் கையில் கொடுத்தார். என்.சி.சி.க்குப் பிறகு இப்போதுதான் தொடுகிறேன். சுட முடியாத, அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமான நம் டி.பி. துப்பாக்கிகளின் அந்த இரண்டு எழுத்துக்கு நீ வைத்த விரிவாக்கம் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விசைக்கு மேலே, வலது பக்கம், கிரீடம். அதன் கீழே ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942. அந்த 'ஐ' இஷாப்பூரைக் குறிப்பது என்றே அவர் இத்தனை வருடமும் நம்பியிருக்கிறார். ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர், 'ஐ' என்றால் 'இம்பெரேட்டர்', சக்கரவர்த்தி என்றேன். இங்கிலாந்தில் செய்ததில் ஜி.ஆர். மட்டும்தான். வங்காளத்து இஷாப்பூரில் நம்மவர்கள் செய்ததில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். அடிமைக்குக் கொடுத்த போனஸ்!

குழலில் '18.5 டன்' என்று பொறித்திருந்தது. துப்பாக்கியின் எடையா என்று பேரன் கேட்டான். தோளில் சுமந்தவன் என்ற முறையில் ஆமாம் என்றேன். உண்மையில் அது ஒரு சதுர அங்குலத்துக்கான அழுத்தம். ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கியைச் சந்தைக்கு அனுப்பும் முன் இங்கிலாந்தில் சுட்டுச் சோதித்து அடித்த முத்திரை. அடிக்கட்டையில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள். மூன்று ஜப்பானியர்கள் என்றார் கிழவர், பெருமையாக. விலை ஏற்றுவதற்காகக் கடைக்காரனே கீறியிருக்கலாம் என்றேன். இன்னும் கோபமாக இருக்கிறார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைச் சுற்றி நெருக்கமாகச் செம்புக் கம்பி. இடையிடையே ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. குழல் வாயில் ஒரு கிண்ணம் மாட்டி, குண்டில்லாத தோட்டாவை வெடித்து, கையெறி குண்டைத் தூரத்தில் வீசுவதற்கான துப்பாக்கிகளில் இப்படிச் சுற்றுவார்கள். அந்த உதையில் கட்டை பிளந்தால் சுடுபவன் கையைக் கிழிக்காமலிருக்க.

அப்பாவின் கைத்தடி, சேகர். நான் 'ரேடியோ ஏரியல்' என்று கேலி செய்தேனே, அதே சுற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பர்மாவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "மழையில் நனைந்தோம்" என்பாரே, அவ்வளவுதான் வரும். வெற்று மூங்கில் தடிக்கு அத்தனை கம்பி எதற்கு என்று நாம் ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தத் தடி இப்போது எங்கே? தம்பி வீட்டுப் பரணிலா? இறக்கிப் பார். கம்பிகளுக்கு நடுவே ஈயம் வைத்திருக்கிறாரா என்று மட்டும் எழுது. ஆடிக்கு ஆடி எழுதும் என்னைப் போல இருக்காதே.

உன்,
மணி